கிணற்றுச் சோறு

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். என் ஓரகத்தி எனக்கு எதிரே குந்திக்கொண்டு, நான் எடுத்த ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பொறாமைப் பார்வை இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் குழந்தை ஓடுவதைப் பார்க்கிறவர்களின் முகம் அது.

"இன்னும் ஒரு கரண்டி போடட்டா?"

தலையாட்டினேன். போட்டாள். போட்டபோது கொஞ்சம் பருக்கைகள் தரையில் சிந்தின. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். காலையில் பழையது, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. சோற்றைப் பார்த்து ஒரு மனுஷி பயப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற சாலையில், மலைக்கோயில் விளக்கு சாயங்காலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நிலத்துக்கு நடுவே தனியாக நின்றது அந்த வீடு. வீட்டில் நாலே பேர். அக்கா என்று நான் கூப்பிட்ட என் ஓரகத்தி, பாவா என்று நான் கூப்பிட்ட அவள் புருஷன், பாவாவின் தம்பியான என் புருஷன், அப்புறம் நான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எல்லைக்கு அந்தாண்டை ஊரிலிருந்து வந்தவள். தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும்.

உலகத்தில் விளைகிற எல்லாவற்றையும் அவள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். கேழ்வரகு, கம்பு, தினை, துவரை, கொள்ளு, வேர்க்கடலை எல்லாம் மானத்துச் சோறு. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் இல்லை, யாரும் எங்கேயும் இறங்க வேண்டாம். நெல், கரும்பு, வாழை எல்லாம் கிணற்றுச் சோறு. அதைச் சாப்பிடுவது அவளுக்குக் கிணற்றைச் சாப்பிடுவது. வீட்டில் காலையும் ராத்திரியும் கேழ்வரகுக் களியோ கூழோதான். மத்தியானம் மட்டும் சோறு, அதுவும் பாவா சண்டை போட்டு வாங்கியது. காப்பிக்கு வெல்லம் போடும்போதுகூட, "இதுவும் கெணத்துது தாம்மே" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போடுவாள். மலைக்குப் போனால் பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்ந்த அதை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, மீதியை என்னிடம் கொடுத்துவிடுவாள்.

முதலில் கொஞ்ச காலம் அவளுக்கு மனசு சரியில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் கிணற்றைப் பார்த்தேன்.

நல்ல அகலமான கிணறு. ஒரு பக்கம் பாறையிலேயே படி செதுக்கியிருந்தது. பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு மேடை இருந்தது. மாமனார் காலத்தில் ஆயில் இன்ஜின் அங்கே உட்கார்ந்திருந்ததாம். தண்ணீர் கீழே போகப் போக இன்ஜினும் பின்னாலேயே இறங்க வேண்டும். மேலே இருந்தால் அதற்கு இழுக்கத் தெம்பில்லை. அதனால் அந்த மேடைக்குக் கீழே இன்னொரு மேடை. நான் போனபோது இன்ஜின் அந்த இரண்டாவது மேடையில் இருந்தது. முதல் மேடையில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. யாராவது ஒருவர் தினமும் அத்தனை படியும் இறங்கி, கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பிவிட்டு மேலே ஏறி வரவேண்டும். பெரும்பாலும் என் புருஷன்தான் இறங்குவார்.

அவர் இறங்கினால் அக்கா எங்கே இருந்தாலும் வந்து கிணற்று மேட்டில் நின்றுகொள்வாள். அவள் போட்ட விதி ஒன்று இருந்தது. கீழே போகிறவர் வாய் மூடக் கூடாது.

"கீறியா?" என்று மேலிருந்து கேட்பாள். இருக்கிறாயா என்று அர்த்தம்.

"கீறேன் வதினா," என்று கீழிருந்து குரல் வரும்.

கொஞ்ச நேரம் போகும். மறுபடி, "கீறியா?"

"கீறேன், கீறேன். எங்க போவப் போறேன்?"

அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அண்ணிமேல் அவருக்குப் பாசம் அதிகம். ஒருநாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தார், வேடிக்கைக்கு. அக்கா கத்தவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே வந்து பார்த்தபோது அவள் சேலை நனைந்திருந்தது. அன்றிலிருந்து அவர் ஒரு தடவைகூட அந்த விளையாட்டு விளையாடவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டே எனக்குச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பானையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வூட்லயும் இப்பிடிதாம்மே. கெணத்துக்குள்ள இன்ஜினு. கதிர் வர நேரம், தண்ணி வுட்டே ஆவணும். ஓடிகினு இருந்தது நின்னுபோச்சுன்னு சின்ன தம்பி எறங்கினான். வரல. பெரிய தம்பி, 'இன்னாடா பண்ற'ன்னு கேட்டுகினே எறங்கினான். அவனும் வரல. மூணாவதா நைனா எறங்கப் போனாரு. ஊர் ஜனம் கட்டிப் புடிச்சி வெச்சிச்சி."

"உள்ள இன்னா இருந்தது அக்கா?"

"ஒண்ணும் இல்ல. புகை. கண்ணுக்குக்கூட சரியா தெரியல. இன்ஜின் வுட்ட புகை வெளிய போவாம அங்கியே நின்னுகினு இருந்திச்சி, அவ்ளோதான்." துடுப்பை நிறுத்தினாள். "நான் அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சோறு வடிச்சி வெச்சிட்டு ஒக்காந்துகினு இருந்தேன். புது நெல்லு."

அதன் பிறகு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் என் பயம் வேறு. நான் கிணற்றுக்குப் பயப்படவில்லை, அவளுக்குப் பயந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் அவள் கண் என் தட்டில் இருக்கும். ஒருநாள் பசியில் இரண்டாம் தடவை சோறு கேட்டுவிட்டேன். "நீ துன்றதுக்கு எவன்மே எறங்குறது? உன் புருஷன் தானே?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் எழுந்துபோய்ப் பின்கட்டில் அழுதேன். களியும் எனக்குப் பழக்கமில்லை. மென்றால் தொண்டையில் நிற்கும், உருட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இளைத்துப்போனேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு ஜனங்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் மலைக்குப் போவார்கள். வருஷா வருஷம் அவர்களுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். பாவா முந்தின நாளே அரிசி அளந்து வைத்துவிட்டுப் போனார். காலையில் வாசலில் போட்ட பந்தலுக்கு வந்து பார்த்தால் அண்டாவில் புளிச்சோறு இல்லை. தினைமாவு உருண்டையும் கேழ்வரகுக் கூழும் இருந்தன. அரிசி அளந்த இடத்திலேயே கிடந்தது.

பாவாவின் முகம் கறுத்தது. "ஊருக்கு முன்னாடி என்னை இன்னா பண்ணி வெச்சிருக்க? சாமி காரியத்துல வெளையாடுற."

"சாமியே தினைப்புனம் காத்தவளைத் தேடினு வந்து கட்டிகினவன். அவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, காவடிக்காரர் ஒருவரின் கையில் உருண்டையை வைத்தாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அரோகரா என்று சொல்லிப் போனார். ஆனால் பின்னால் வந்த ஒரு கூட்டம், "சோறு இல்லியா இங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த பந்தலுக்கு நடந்தது. பாவா அதை மறக்கவில்லை. அக்காவும் தைரியமாகப் பேசினாளே தவிர, அன்று முழுக்க மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் வந்து சாமி என்ன செய்யுமோ என்கிற பயம் ஒரு பக்கம், தண்ணீர் பயம் ஒரு பக்கம்.

தலைதீபாவளிக்கு அரக்கோணம் போனேன். அம்மா என் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்து விட வந்தவள், பாவாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நாங்க ஒண்ணும் பெரிய பணக்காரங்க இல்லீங்க. ஆனா எங்க பொண்ணு சோத்துல வளந்தவ. நெலம் நீச்சு இருக்கிற வூடுன்னுதான் குடுத்தோம். களி துன்றதுக்கா குடுத்தோம்?"

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அம்மா போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

மார்கழியில் பாவா நவரைப் பட்டத்துக்கு நெல் நாற்று விட்டார். வேர்க்கடலை போட வைத்திருந்த நிலத்தையும் சேர்த்து நெல்லுக்கே உழுதார். கிணற்றில் தண்ணீர் எட்டாததால் இரண்டாவது மேடைக்கும் கீழே மூன்றாவதாக ஒரு மேடை குடைந்தார்கள். உளி அடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்ஜினைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அதுவரை இன்ஜின் புகையை வெளியே விடுகிற குழாய் கிணற்று விளிம்பு வரை வந்துகொண்டிருந்தது. இப்போது இன்ஜின் கீழே போனதால் குழாய் பழைய முதல் மேடையோடு நின்றுபோயிற்று.

"கொழா எட்டல," என்றாள் அக்கா.

"வாங்கி மாட்டிக்கலாம், இரு."

"வாங்கி மாட்டிட்டு நடவு நடு."

"நாத்து முத்திகினு கீது. ஒனக்கு இன்னா தெரியும்?"

"நவரை வேணாங்க. ஒரு வருஷம் வுடுங்க. நான் வேணா அரிசிய தொடவே மாட்டேன். அவளுக்கு மட்டும் நான் எங்கியாவது வாங்கிப் போடுறேன்."

பாவா என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "வூட்டுக்கு வந்த பொண்ணுக்குச் சோறு போட வக்கில்லன்னு ஊர்ல சிரிக்கிறான். நீ சும்மா இரு."

நடவு நட்டார்கள். குழாய் வாங்கவே இல்லை. தை போயிற்று, மாசி போயிற்று. நான் முழுகாமல் இருந்தேன். வயல் பச்சென்று நின்றது. சுற்றிலும் காய்ந்த நிலத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் பச்சை. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். கிணற்று மேட்டில் நிற்பாள், கூப்பிடுவாள், கீழிருந்து பதில் வரும். ஆழம் கூடியதால் அந்தக் குரல் இப்போது வேறு யாருடைய குரலோ மாதிரி வந்தது. நானும் அவள் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன்.

பங்குனியில் கதிர் பால் பிடித்தது. அன்று விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், வெயில் ஏறுகிற நேரத்தில் நின்றுபோயிற்று. பாவா வயலின் கோடியில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். என் புருஷன் டீசல் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் இருடா. புகை அடங்கட்டும்," என்றாள் அக்கா.

"பாதி வயலுக்குத்தான் பாஞ்சிருக்குது வதினா. இப்ப வுட்டா மீதி மணி புடிக்காம சாவி ஆயிடும். தோ, ஊத்திட்டு வந்துடுறேன்."

இறங்கினார். நான் மேலே நின்று அவர் தலைத்துண்டு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன்.

"கீறியா?"

"கீறேன்."

"கீறியா?"

"கீறேன் வதினா. வாடை கொஞ்சம் ஒரு மாதிரியா கீது."

"ஏறி வந்துடு. டேய், ஏறி வந்துடு."

பதில் வரவில்லை. தகரம் பாறையில் இடிக்கிற சத்தம் வந்தது. ஒரு படி, இன்னொரு படி, இன்னொரு படி, கடைசியில் தண்ணீரில் விழுந்த சத்தம். டப்பாதான் விழுந்தது. அவர் இன்ஜினுக்கு மேலே ஒரு படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. தூங்குகிறவர் மாதிரி இருந்தார்.

நான் போட்ட சத்தத்தில் பாவா ஓடி வந்தார். எட்டிப் பார்த்தவர் ஒரு நொடி நிற்கவில்லை, படியில் காலை வைத்தார். அக்கா முதல் படியில் குறுக்கே விழுந்து அவர் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள்.

"போவாத. நீ போவக் கூடாது."

அதுவரை அவள் அவரை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் உதறினார். உதைத்தார். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் பிடி தளரவில்லை.

"வுடுடி, என் தம்பிடி அவன்."

"ஒன் தம்பிதான். நீ போனா நீயும் வர மாட்ட. கவுறு கட்டாம எவனும் எறங்கக் கூடாது."

அவள் சொல்வதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அவள் தம்பிகள் கதை எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். "அவர வுடுக்கா, ஒன் கால்ல வுழுறேன், அவர எறங்க வுடு." வயிற்றுப் பிள்ளையோடு மண்ணில் மண்டியிட்டு அவளை இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கத்திக்கொண்டே இருந்தாள். கயிறு கொண்டா, தழை வெட்டு, தண்ணி ஊத்து என்று.

பக்கத்து நிலத்துக்காரர் கடலைக் கொல்லையிலிருந்து ஆட்களோடு ஓடி வந்தார். அவருக்கு அவள் கத்தியது புரிந்தது. புங்கங்கிளைகளை வெட்டிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழும் வேகமாக ஆட்டினார்கள், உள்ளே காற்று புரளட்டும் என்று. பெண்கள் குடம் குடமாக மேலிருந்து தண்ணீரைக் கொட்டினார்கள். பிறகு பக்கத்து நிலத்துக்காரர் தன் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு, இன்னொரு கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். மேலே நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். பாவாவும் அதில் ஒருவர். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அப்போது கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்க என்று சொல்லியிருப்பேன்.

என் புருஷனை இழுத்து வெளியே போட்டபோது உயிர் இருந்தது. டிராக்டரில் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள்தான் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். என் பேரைச் சொல்லத் தேடினார், கிடைக்கவில்லை.

பேர் பிறகு கிடைத்துவிட்டது. ஆனால் எல்லாம் கிடைக்கவில்லை. மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மண்வெட்டி எங்கே என்று கேட்பார். பஸ் வரும்போது சாலை நடுவில் நின்று எதையோ யோசிப்பார். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு, ஆனால் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாது. டாக்டர், "புகை தலைக்கு ஏறிடுச்சு. இன்னும் சீக்கிரம் எடுத்திருந்தா பரவாயில்ல," என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை காலம் அக்காவோடு பேசாமல் இருந்தேன்.

பாவா அந்த வருஷம் மறுபடி இன்ஜினைக் கிளப்பவில்லை. பால் பிடித்த கதிர் அப்படியே காய்ந்து சாவியாயிற்று. மாட்டை விட்டு மேய்த்தார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தது, யாரும் கேட்கவில்லை. எனக்குப் பெண் பிறந்தாள். பேறுகாலத்தில் எனக்குக் களி உருட்டி, கீரை கடைந்து, என் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கா போவாள். நான் சாப்பிடுவேன், பேச மாட்டேன். என் புருஷனுக்கு அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து களியை உருட்டிக் கையில் கொடுப்பாள். அவரும் குழந்தை மாதிரி வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு பாவாவ வுட்டிருந்தா, இவர் நல்லா இருந்திருப்பாரா?"

அக்கா முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"வுட்டிருந்தா சீக்கிரம் தூக்கினு வந்திருப்பாரு. இல்லன்னா ரெண்டு பேரும் வந்திருக்க மாட்டாங்க. எது நடந்திருக்கும்னு எனக்குத் தெரியலமே. ராவெல்லாம் அதத்தான் யோசிக்கிறேன். தெரிஞ்சா ஒங்கிட்ட சொல்ல மாட்டேனா?"

அவள் என்னைத் தேற்றவில்லை. தான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை. என்னைவிட அவள்தான் அதிகமாகப் பயந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பேசினேன்.

பிறகு கொஞ்ச வருஷங்கள் பயமில்லாமல் போயின. மழைக்குத் தகுந்தாற்போல் கேழ்வரகு, வேர்க்கடலை, துவரை. கிணற்றில் இருந்த தண்ணீர் வீட்டுக்கும் மாட்டுக்கும் காய்கறிக் கொல்லைக்கும் போதுமானதாக இருந்தது. மேலிருந்தே கயிறு போட்டு இறைத்தோம், யாரும் இறங்கவில்லை. நல்ல நாளில் சோறு. எனக்குக் களி விழுங்கப் பழகிவிட்டது. அரக்கோணம் போய் அம்மா வீட்டுச் சோறு சாப்பிட்டால் சீக்கிரம் பசித்தது.

என் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம் பாவா துளைக் கிணறு போட லாரி கொண்டுவந்தார். கரண்டும் வந்துவிட்டிருந்தது. பகலெல்லாம் அந்த மிஷின் பாறையைத் துளைத்தது. வீடு, மரம், மாடு எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி படிந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் பீறிட்டு அடித்தது. என் புருஷன் அதில் போய் நின்று நனைந்தார். பாவா அக்காவிடம் வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இனிமே நம்ம வூட்ல எவனும் எறங்க வேணாம். பட்டன் தட்டினா தண்ணி. ஒன் பயம் போச்சா?"

அக்கா லாரிக்காரனைக் கேட்டாள், "இது தீந்துபோனா எப்பிடித் தெரியும் ஐயா?"

"தீந்தா தண்ணி வராதும்மா. கூப்புடுங்க, வந்து இன்னும் எறக்கித் தரோம். கொழாதானே எறங்குது, ஆளா எறங்கப் போறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அந்தச் சின்னத் துளையைக் குனிந்து பார்த்தாள். உள்ளே எதுவும் தெரியவில்லை.

மறுபடி நெல் வந்தது. ஒரு போகம் இல்லை, மூன்று போகம். கரும்பும் போட்டார். மூன்று வேளையும் சோறு பொங்கினோம். என் பெண்ணுக்குக் களி என்றால் அழுகை. அக்கா யார் தட்டையும் பார்க்கவில்லை. கேட்டதைப் போட்டாள், கேட்காமலும் போட்டாள். அவள் மட்டும் தனக்கென்று ஒரு உருண்டை கிண்டிக்கொள்வாள்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். என் புருஷனைக் கிணற்றிலிருந்து தூக்கி வந்த அதே மனிதர். உள்ளே வாங்க, சாப்பிடுங்க என்றோம். வேண்டாம் என்றார்.

"பெரிய கவுறு ஒண்ணு இருந்தா குடுங்க. இன்ஜின எறக்கணும்."

"ஏன், இன்னா ஆச்சி?" என்றார் பாவா.

"என் கெணத்துல தண்ணி கீழ பூட்ச்சி. ஒங்களுது போட்டதுல இருந்தே கொறைஞ்சிகினு தான் வருது. தப்பு சொல்லல. கடலை வாடுது, ஒரு தண்ணி வுட்டா தேறிடும்."

பாவாவின் கை தட்டிலேயே நின்றது. என் புருஷன் அவரைப் பார்த்துச் சிரித்தார். யாரென்று தெரிந்து சிரித்தாரா, தெரியாமல் சிரித்தாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். "கவுறு இல்லண்ணா," என்றாள். பரணில் கயிறு சுருண்டு கிடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. "எறங்காதீங்க. எங்க தண்ணிய எடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டுப் பாவாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. எனக்குப் பாவா என்ன சொல்வாரோ என்று இருந்தது. நெல் அப்போது எங்கள் வயலிலும் கதிர் வாங்குகிற நேரம். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

"மம்முட்டி எடு. வாய்க்கா வெட்டிக்கலாம், வா," என்று சொல்லிக்கொண்டே அந்த வெயிலில் இறங்கி நடந்தார். அந்தப் போகம் எங்கள் நிலத்தில் பாதி நெல் கருகியது. அடுத்த போகத்துக்கு அந்தப் பாதியில் அவராகவே கேழ்வரகு விதைத்தார்.

அன்று பொழுது சாய்ந்தும் பாவாவும் பக்கத்து நிலத்துக்காரரும் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நானும் அக்காவும் வாசலில் நின்றோம்.

"அக்கா, ரெண்டு நெலத்துக்கும் வுட்டா இந்தத் தண்ணி எத்தினி நாளைக்கு வரும்?"

"உள்ள யாரும் போய்ப் பாத்துட்டு வர முடியாதேமே. எனக்கு எப்பிடித் தெரியும்?"

உள்ளே அடுப்பில் ராத்திரிக்கு நான் வைத்திருந்த உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் அரிசி களைந்து தயாராக இருந்தது.

"இன்னிக்கு அரிசி போடாத," என்றாள் அக்கா.

நான் போய் அந்தக் கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிண்டினேன்.